முடிஞ்சு வைத்த காரியம்

இதனால் ஏற்காடு மலையின் சகல ஜனங்களுக்கும், ஏரியில் படகு விடுகிறவர்களுக்கும், எஸ்டேட் ரைட்டர்களுக்கும், சேலத்திலிருந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து இங்கே குளிரவே இல்லை என்று குறைபடுகிறவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்:

1987 நவம்பர் பதினெட்டாம் தேதி புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, மலைப்பாதையின் இருபதாவது கொண்டை ஊசி வளைவில், 'அமரர் பழனிசாமி நினைவு நிழற்குடை'க்கு அடிக்கல் நாட்டப்படும். அமரரின் அண்ணனும், பி.எஸ். விலாஸ் போர்டிங் அண்ட் லாட்ஜிங் உரிமையாளரும், சொன்ன சொல் தவறாதவருமான திரு. பாலசுப்பிரமணியம் அவர்கள் வரவேற்புரை, விளக்கவுரை, நன்றியுரை ஆகிய மூன்றையும் ஆற்றுவார். வருக, வருக.

நோட்டீசின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், மதியம் வடை பாயசத்துடன் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்தது. மலையில் அதை மட்டும் படிக்காதவர் யாரும் இல்லை.

நிழற்குடைக்குச் சிமெண்ட் மூன்று மூட்டை வந்திருந்தது. அது அடிக்கல்லுக்குப் போதும். அடிக்கல்லுக்கு மேலே வர வேண்டிய நிழற்குடைக்கு எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை. இப்படிக் கேட்கிற பழக்கத்தை ஊர் எப்போதோ விட்டுவிட்டது.

சென்ற வாரம் நாம் விட்ட இடம் ஏரிக்கரை பஸ் ஸ்டாண்டு. அமரரின் மனைவி சரஸ்வதி அங்கே அங்கப்பனைப் பார்த்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்திருந்தாலும் பாதகமில்லை, நினைவு வைத்திருக்க வேண்டியவரே மறந்துவிட்ட கதை இது.

பழனிசாமி நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ரோலர் ஓட்டியவன். மூன்று வருஷத்துக்கு முன் இதே தேதியில், இதே வளைவில், ரோலர் சீட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அண்ணன் தம்பி இருவரில் வேகமானவர் அண்ணன்தான், புறப்படுவதில். தம்பியின் வண்டி மணிக்கு மூன்று மைல்தான் போகும். ஆனால் போய்ச் சேர்ந்துவிடும்.

அன்றைக்குத் தம்பியின் உடல்மேல் கை வைத்து, வாசலில் கூடியிருந்த நூறு பேர் கேட்க, பாலசுப்பிரமணியம் சொன்னார்: "சரசுக்கு வாரிசு வேலை வாங்கிக் குடுக்கறது எம்பொறுப்பு. இது சத்தியமுங்க."

ஊரே அழுதது. அதற்கப்புறம் ஒரு மாசம் அவர் கடைவீதியில் நடந்தால் நாலு பேர் எழுந்து நின்றார்கள். செய்த காரியத்துக்குக்கூட யாருக்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் மாசம் ஓடியாடினார். விண்ணப்ப ஃபாரத்தைத் தாமே மைப் பேனாவால் முத்து முத்தாக எழுதி, சரஸ்வதியிடம் கையெழுத்து வாங்கினார். தாலுகா ஆபீசில் நின்று வாரிசுச் சான்றிதழ் வாங்கினார். தாசில்தார் மேஜையில் பேனாவைத் தேடியபோது தம்முடைய ஃபவுண்டன் பேனாவை எடுத்து நீட்டியதை இன்றைக்கும் சொல்லுவார். "பால்பாயிண்டுல போடற கையெழுத்து கையெழுத்தாங்க? எம்பேனாவுல போட்டாருங்க. கல்வெட்டு மாதிரி உழுந்துதுங்க."

அதன்பின் சேலம் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

இந்தக் குடும்பத்தில் வேண்டுதல் என்றால் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். காரியம் கைகூடியதும் துணியைப் பிரித்துக் காசைக் கோயில் உண்டியலில் போட வேண்டும். மற்றவர்களுக்கு முடிவதிலிருந்துதான் வேலை ஆரம்பம். பாலசுப்பிரமணியத்துக்கு முடிந்தால் முடிந்தது. அவர் வீட்டு முருகன் படத்தின் கீழே பத்தொன்பது மஞ்சள் முடிச்சுகள் இருந்தன. மூக்குப்பொடியை விடுவது, லாட்ஜின் மாடிக்குக் கக்கூஸ் கட்டுவது, வெள்ளக்கடைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுத் தருவது, தபாலில் இந்தி படிப்பது. வெள்ளிக்கிழமை தோறும் அவர் மனைவி காமாட்சி பத்தொன்பதுக்கும் குங்குமம் வைப்பாள். அதிலேயே அரை மணி போய்விடும்.

சரஸ்வதி அவரிடம் மூன்று தடவை கேட்டாள். "ஏனுங்க மாமா, அந்த வேலைக் காரியம்?"

மூன்று தடவையும் ஒரே பதில்: "அது முடிஞ்சு வெச்சாச்சு கண்ணு."

பேப்பர் போய்விட்டது, பலிக்கட்டும் என்று சாமிக்கும் ஒரு முடிச்சு போட்டிருக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஆகவேதான் சென்ற வாரம் அங்கப்பன், "பேப்பர் குடுத்துட்டீங்கள்ல அம்மிணி? பதினெட்டாந்தேதியோட மூணு வருசம் முடியுதுங்க, அப்புறம் குடுத்தா வாங்க மாட்டாங்க," என்று கேட்டபோது அவள் கொஞ்சங்கூடக் கலங்காமல், "மாமா எப்பவோ முடிச்சுட்டாருங்க," என்றாள்.

அங்கப்பன் பழனிசாமியுடன் ரோலரில் கிளீனராக இருந்தவன். இப்போது சேலம் ஆபீசில் பியூன். அவன் தலையைச் சொறிந்தான். "நாந்தானுங்க அங்க ஃபைல் எடுத்துக் குடுக்கறவன்," என்று முனகிவிட்டுப் பஸ் ஏறினான்.

அந்த முனகல் அவளுக்குக் கேட்கவில்லை. இனி இன்றைய கதை.

சரஸ்வதி காலை நாலு மணிக்கே எழுந்து இருநூறு பேருக்கு வடைக்கு ஆட்டினாள். பி.எஸ். விலாசின் இட்லிக்காகவே ரூம் எடுக்கிறவர்கள் உண்டு. அந்த இட்லி மூன்று வருஷமாக அவள் கை. வேலை வந்ததும் சேலத்தில் ஒரு ரூம் பார்த்து, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் ராசாத்தியோடு போய்விடுவது என்று மனதுக்குள் வைத்திருந்தாள். அந்த ரூமில் ஆட்டுக்கல் இருக்காது என்பது வரைக்கும் யோசித்தாகிவிட்டது.

பத்தரைக்கு ஆரம்பிக்க வேண்டிய விழா பதினொன்றேகாலுக்கு ஆரம்பித்தது. மலைமேல் மஞ்சு மூட்டம் இறங்கி, தூறலும் போட்டது. ஒன்றியத் தலைவர் பந்தலுக்குள் சால்வையோடு உட்கார்ந்து கொட்டாவி விட்டார். பாலசுப்பிரமணியம் வரவேற்புரையிலேயே விளக்கவுரையையும் சேர்த்து முக்கால் மணி நேரம் பேசினார்.

"எந்தம்பி வெயில்லயும் மழையிலயும் ரோடு போட்டான். அவன் போட்ட ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கறவங்க நனையலாமுங்களா? அந்த நெனப்புல எனக்கு மூணு வருசமாத் தூக்கமே இல்லீங்க."

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த காமாட்சி மழையைப் பார்த்தாள். பக்கத்து அறையில் மூன்று வருஷமாக அந்தக் குறட்டையைக் கேட்கிறவள் அவள்.

பிறகு அவர் சட்டைக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் முடிச்சை எடுத்தார். பத்தொன்பதில் பெரியது. மடித்த கைக்குட்டை அளவுக்குத் தடித்திருந்தது.

"எந்தம்பி காரியத்துக்குன்னு மூணு வருசமா சாமி பாதத்துல முடிஞ்சு வெச்சிருந்ததுங்க இது. குழியில காசு போடுவாங்க, நவதானியம் போடுவாங்க. நான் எம்பிரார்த்தனையவே போடறேன். அதையும் நான் போட மாட்டேன். புருசன் இல்லாதவளை நல்ல காரியத்துல ஒதுக்கி வெக்கற வழக்கம் இன்னியோட ஒழியட்டுமுங்க. சரசு, வா சாமி. உங்கையால வெய்."

கைதட்டல் மலைக்கு அந்தப் பக்கம் எதிரொலித்தது. தலைவர் தூக்கம் கலைந்து தட்டினார். போட்டோக்காரர் குனிந்தார்.

சரஸ்வதி எழுந்து வந்து, இரண்டு கையாலும் முடிச்சை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் குழிக்குள் வைத்தாள். தலைவர் சந்தனம் தடவிய கரண்டியால் ஒரு வாய்க் கலவை போட்டார். பாலசுப்பிரமணியம் ஒரு வாய் போட்டார். கொத்தனார் பெரியண்ணன், இவர்கள் வேகத்தில் போனால் பொங்கல் வந்துவிடும் என்று, இரண்டு சட்டிக் கலவையை அப்படியே கவிழ்த்துக் கல்லை நிறுத்தினான்.

சாப்பாட்டுக்கு இலை போடத் தொடங்கியபோது அங்கப்பன் வந்து சேர்ந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியவன் பந்தலைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்க்கவில்லை, நேரே சரஸ்வதியிடம் வந்தான்.

"அம்மிணி, நேத்து ஃபைலெல்லாம் எறக்கிப் பார்த்தேனுங்க. பழனிசாமி அண்ணன் பேர்ல ஒரு பேப்பரும் வரலீங்க. சாயங்காலம் அஞ்சே முக்கால் வரைக்கும் டயம் இருக்குது. எங்க குடுத்தாருன்னு கேளுங்க, வேற சீட்டுல கிடந்தாலும் தேடி எடுத்துரலாம்."

அவள் கையிலிருந்த பாயச வாளியைக் கீழே வைத்தாள்.

பாலசுப்பிரமணியம் தலைவர் இலைக்குப் பக்கத்தில் நின்று, "இன்னொரு வடை வெய்யுங்க, தலைவருக்கு வடைன்னா உசுரு," என்று உபசரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த வேலைப் பேப்பரை எங்கீங்க குடுத்தீங்க?"

"எது சாமி?"

"வாரிசு வேலை."

"அதான் முடிஞ்சு வெச்சாச்சுன்னு சொன்னனல்ல."

"எங்க குடுத்தீங்க மாமா?"

"குடுக்கறதாவது. அதை அப்படியே விட்டுருவனா? நீ கையெழுத்துப் போட்ட ஃபாரம், தாசில்தார் குடுத்த சர்ட்டிபிகேட் எல்லாம் ஒண்ணா மடிச்சு, காசு வெச்சு, சாமி பாதத்துல முடிஞ்சு வெச்சேன். நல்ல நாள் பார்த்து எடுத்துட்டுப் போலாம்னுதான். மூணு வருசமா முருகன் பார்வையிலயே இருந்துது."

"இப்ப எங்க இருக்குது?"

"இப்பத்தானே கண்ணு நீயே உங்கையால..."

சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கே காதில் விழுந்தது. தலைவர் வடையைக் கடித்தார். வடை மொறுமொறுப்பாக வந்திருந்தது.

சரஸ்வதி திரும்பினாள். இலைகளைச் சுற்றிக்கொண்டு போய், கொத்தனார் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மம்பட்டியை எடுத்தாள்.

"என்னுங்க அம்மிணி?" என்றான் பெரியண்ணன்.

"கல்லை நவுத்துங்க."

"பூசை போட்ட கல்லுங்க."

"அப்ப நகருங்க."

முதல் வெட்டு சந்தனத்தில் விழுந்தது. பந்தியில் பாதிப்பேர் எழுந்தார்கள். மீதிப்பேர் எழுந்தால் இலை போய்விடும் என்று உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டினார்கள்.

பாலசுப்பிரமணியம் ஓடி வந்தார். "சரசு, வேண்டாஞ் சாமி. நட்ட கல்லைத் தோண்டினா குடும்பத்துக்கு ஆகாது. தலைவர் பார்க்கறாரு. நான் சொல்றதைக் கேளு, நாளைக்கு நானே மொத பஸ்ல சேலம் போயி..."

"நாளைக்குப் போறதுக்கு நீங்க இருக்கறீங்க மாமா," என்றாள் சரஸ்வதி. "இன்னிக்குப் போறதுக்குத்தான் ஆளில்ல."

அவர் தலைவரின் இலையைத் திரும்பிப் பார்த்தார்.

கலவை இன்னும் இறுகவில்லை. ஆனால் கனம். நாலு வெட்டில் கல் சாய்ந்தது, அதற்கு மேல் அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்போது ஒரு பாண்டுச் சட்டி குழிக்குள் இறங்கியது. காமாட்சி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்து, கலவையைக் கையால் அள்ளிச் சட்டியில் போட்டாள்.

"அக்கா, கை வெந்துரும்."

"வேகட்டும்."

இரண்டு பேரும் ஒரு சட்டி நிறைய அள்ளினார்கள். பிறகு காமாட்சி, குழியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எனக்குத் தெரியும் சரசு. பேப்பர் இருக்கறது. குங்குமம் வெக்கறப்ப தொட்டாலே தெரியுமே. சொல்லோணும் சொல்லோணும்னுதான் இருந்தேன்."

சரஸ்வதி அடுத்த கை கலவையை அள்ளினாள்.

"நீ போயிட்டா மாவு ஆட்ட ஆரு இருக்கறாங்கன்னு நெனச்சேன். பொய் சொல்லல. அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிரலாம், அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிரலாம்னு..."

"நானும்தானக்கா. ஒரு நாள் பஸ் ஏறிப் போயி நானே கேட்டுட்டு வந்திருக்கலாம். பந்திக்கு மாவு போதலைன்னு ஒரு நாள், ராசாத்திக்குக் காய்ச்சல்னு ஒரு நாள். மூணு வருசத்துல ஒரு புதன்கிழமை கிடைக்கலியா எனக்கு?"

இப்படியாக, ஒரே குழிக்குள் மூன்று பேருடைய நல்ல எண்ணம் இருந்தது. சிமெண்டுக்கும் மணலுக்கும் நடுவில்.

அவர்களுக்குப் பின்னால் பாலசுப்பிரமணியம் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லீங்க, நீங்க சாப்புடுங்க. நேரம் சரியில்லைன்னு ஐயர் சொல்லியுட்டுட்டாரு. இன்னொரு நல்ல நாள் பார்த்து, இதைவிடப் பெருசா நடத்தறோமுங்க. மந்திரியவே கூப்பிடறதா இருக்கறேன்."

சிலர் தலையாட்டினார்கள். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. புதிதாக ஒன்றைத் தொடங்கினால் எப்போதும் அவருக்குத் தெளிந்துவிடும்.

மஞ்சள் முனை ஒன்று சாம்பல் சேற்றிலிருந்து வெளியே வந்தது. சரஸ்வதி அதைப் பிடித்து இழுத்தாள்.

பன்னிரண்டே முக்கால் பஸ் மஞ்சுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. அங்கப்பன் நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றான். கண்டக்டர் திட்ட வாயெடுத்தவர், கால் வரை சிமெண்டோடு ஓடிவந்த பெண்ணைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"செருப்பு," என்று காமாட்சி தன் செருப்பைக் கழற்றிப் படியில் போட்டாள். "ராசாத்தியை நான் பார்த்துக்கறேன். மாவையும் நானே ஆட்டிக்கறேன். நீ ராத்திரிக்குத் திரும்பி வரோணும்னு அவசரப்படாத."

பஸ் கிளம்பியது. பின்கண்ணாடியில், பாதி தோண்டிய குழிக்குப் பக்கத்தில் ஒருத்தி வெறுங்காலோடு நிற்பது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஒருவர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. அப்புறம் மஞ்சு மூடிக்கொண்டது.

"ரெண்டேகாலுக்கெல்லாம் போயிருவோமுங்க," என்றான் அங்கப்பன். "செக்ஷன்ல ரைட்டர் நல்ல மனுசன். ரோலர் பழனிசாமி சம்சாரம்னு சொன்னாப் போதும், வாங்கிக்குவாரு. அஞ்சே முக்கால் வரைக்கும் கிடக்குது. மூணு மணி நேரம் மிச்சமுங்க."

பதினெட்டாவது வளைவில் அவளுக்கு முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. சீட்டில் சாய்ந்தாள். மூன்று மணி நேரம் மிச்சம். பழனிசாமி ஓட்டுகிற ரோலராக இருந்தாலும் அதற்குள் பாதி தூரம் போயிருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் முந்தானையால் துடைத்தாள். முகமெல்லாம் சிமெண்ட் ஆயிற்று.

"பிரிச்சுப் பாத்துருங்க அம்மிணி. நனைஞ்சிருந்தா இங்கயே காத்துல ஆற வெச்சுக்கலாம்."

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துப் பிரித்தாள். காசு உருண்டு சீட்டுக்கு அடியில் போயிற்று, யாரும் தேடவில்லை. ஃபாரத்தை மெதுவாகப் பிரித்தாள். பாலசுப்பிரமணியம் முத்து முத்தாக எழுதியதெல்லாம் ஒரே நீலக் குளமாகப் பரவி, சிமெண்ட் தண்ணீரில் வெளுத்துக் கிடந்தது. ஒரு எழுத்து இல்லை.

அங்கப்பன் பார்த்தான்.

"இது போனாப் போகட்டுமுங்க," என்றான். "ஃபாரம் அங்கயே வெச்சிருக்கறோம். நானே எழுதித் தர்றேன், பால்பாயிண்டுல. பத்து நிமிசம். சர்ட்டிபிகேட் நல்லா இருந்தாப் போதுமுங்க. அது இல்லாம மட்டும் வாங்க மாட்டாங்க."

சரஸ்வதி சான்றிதழைப் பிரித்தாள். நனைந்திருந்தது, கிழியவில்லை. டைப் அடித்த எழுத்து ஒன்றுவிடாமல் அப்படியே இருந்தது. பழனிசாமி, த/பெ ராமசாமி. வாரிசுகள்: மனைவி சரஸ்வதி, மகள் ராசாத்தி. அங்கப்பன் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்து, "நல்லா இருக்குதுங்க, நொம்ப நல்லா இருக்குதுங்க," என்று சொல்லிக்கொண்டே கீழே போனான். கடைசி வரிக்குக் கீழே, வெறும் நீலக் கறைமேல் விரல் நின்றது.

பஸ் பதினாலாவது வளைவில் திரும்பியது. ஏற்காடு தாலுகா ஆபீஸ் மேலே, பின்னால் போய்க்கொண்டிருந்தது.

தாசில்தார் கையெழுத்துப் போட்டது பாலசுப்பிரமணியத்தின் பேனாவால்.